கொடைக்கானல் சூரிய ஆய்வகம்: குழந்தைகளோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலில் முப்பது ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் சித்திரை பிறந்தால் போதும், மதுரை, திண்டுக்கல், சென்னை என்று எங்கெங்கோ இருக்கும் உறவினர்களும் பழைய மாணவர்களும் தொலைபேசியில் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் எல்லாம் அவர்களே விசாரித்து வைத்திருப்பார்கள். "சூரிய ஆய்வகத்துக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்" என்று நான் சொன்னதும் கேள்விகள் ஆரம்பமாகும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்சர்வேட்டரி என்றால் மழை வருமா, வராதா என்று சொல்லும் ஆபீஸ்தானே? அங்கே பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

இது சூரியனை ஆராயும் இடம். இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்டு, 1901-இல் ஆய்வுப் பணியைத் தொடங்கியது. 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வருகிறார்கள். ஒரே மலையில் இருந்துகொண்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே சூரியனை விடாமல் பார்த்து வந்த இடங்கள் உலகில் மிகச் சில. அவற்றில் ஒன்று நம் பழனி மலைத்தொடரில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

அங்கே பொதுமக்களுக்கென்று சிறிய வானியல் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. படங்கள், மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றையெல்லாம் விட முக்கியமான காட்சிப்பொருள் சூரியனேதான். அந்த நொடியில் வானத்தில் இருக்கும் சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழவைத்துக் காட்டுகிறார்கள். அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தும் காட்டுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் சுழலும் பொம்மைகளை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

காலையில் ஏரியில் படகு விட்டுவிட்டு, மூன்று மணிக்கு மேல் அங்கே போனால் சரியாக இருக்குமா?

வேண்டாம். கோடையில் இந்த மலையில் காலைதான் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற, கீழ்ச்சமவெளியின் ஈரக்காற்று சரிவில் ஏறி மேகமாகிவிடும். மே மாதப் பிற்பகலில் இடி மழையும் வழக்கம்தான். சூரியன் தெரியாவிட்டால் திரையில் பிம்பம் இல்லை, நிறமாலை என்னும் வண்ணப் பட்டையும் இல்லை. சுவரில் உள்ள படங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். என் சித்தி மகள் குடும்பத்துக்கு இப்படி ஆனது. நான்கு மணி நேரம் மலை ஏறி வந்த பிள்ளைகள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருத்தத்தில்தான் இதை முதலில் சொல்கிறேன்: காலையில் எழுந்ததும் வானத்தைப் பாருங்கள். நீலமாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அங்கே போங்கள். படகு மேகத்திலும் மிதக்கும்.

பார்வையாளர் நேரமும் நாட்களும் பருவத்துக்குப் பருவம் மாறும். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்கிறார்களே? பாட்டியையும் கூட்டி வரலாமா?

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வரும் வெளியூர்க்காரர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்குத் தேவையில்லை. தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது.

பாட்டி தாராளமாக வரட்டும். காற்று மெலிந்த உயரம் என்பதால் மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். அவசரப்படுத்தாமல் உட்கார்ந்து உட்கார்ந்து வரச்செய்யுங்கள். வெயில் அடித்தாலும் சால்வை கையில் இருக்கட்டும்.

சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும் என்று நாமே மிரட்டி வைத்திருக்கிறோம். இப்போது நாமே கூட்டிப்போய்க் காட்டுவதா? எக்ஸ்ரே பிலிம் கொண்டு வரவா?

எக்ஸ்ரே பிலிம், கறுப்புக் கண்ணாடி, புகைபிடித்த கண்ணாடி, சி.டி., வாளியில் மஞ்சள் கரைத்த தண்ணீர் எதுவுமே வேண்டாம். இவற்றின் வழியாகப் பார்க்கும்போது வெளிச்சம் குறைந்ததுபோல் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் விழித்திரையைச் சுடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் குழந்தைக்கு உடனே எதுவும் புரியாது. மலையில் புற ஊதாக் கதிரும் சமவெளியைவிட அதிகம்.

அருங்காட்சியகத்தில் யாரும் சூரியனைப் பார்ப்பதில்லை. சுவரில் விழுந்த அதன் பிம்பத்தைப் பார்க்கிறார்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூரியனைப் பார்ப்பது எப்படி என்று குழந்தை அங்கே கற்றுக்கொள்கிறது. மிரட்டலைவிட இந்தப் பழக்கம் பல மடங்கு பாதுகாப்பு தரும்.

போன வருடம் பார்த்தோம். வட்டமாக வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான். அதில் என்ன பார்ப்பது?

ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முதலில் விளிம்பைக் கவனியுங்கள். நடுவைவிட ஓரம் மங்கலாக இருக்கும். சூரியன் தட்டு இல்லை, வாயுப் பந்து என்பதற்கு அதுவே சாட்சி. நடுவில் பார்க்கும்போது நம் பார்வை சூடான ஆழம் வரை போகிறது. ஓரத்தில் சாய்வாகப் போவதால் மேலே உள்ள, சூடு குறைந்த அடுக்கிலேயே நின்றுவிடுகிறது.

பிறகு கரும்புள்ளிகளைத் தேடுங்கள். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ். புள்ளிகள் அதைவிட ஆயிரத்தைந்நூறு டிகிரிக்கு மேல் குறைவு, அதனால் கறுப்பாகத் தெரிகின்றன. அங்கே வலுவான காந்தப்புலம் அடியிலிருந்து வரும் வெப்பத்தைத் தடுக்கிறது. பெரிய புள்ளி ஒன்றில் நம் பூமியைப் போட்டால் உள்ளே போய்விடும். புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். 2024-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்தன.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர் இதே மலையில், கரும்புள்ளியின் மங்கலான வெளி வளையத்தில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் வானியல் பாடநூல்களில் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்று பெயர். நாம் நிற்கும் மண்ணில் நடந்த கண்டுபிடிப்பு அது.

மூன்று வயதுக் குட்டிக்கு இதெல்லாம் என்ன புரியும்?

உள்ளே பத்து நிமிடம் போதும். அதன் பிறகு வெளியே மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். இலைகளின் இடுக்கு வழியாகத் தரையில் விழும் வெளிச்சத் துண்டுகளைக் காட்டுங்கள். இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருக்கும். தரையில் விழுவதெல்லாம் வட்டக் காசுகளாக இருக்கும். ஒவ்வொரு காசும் ஒரு குட்டிச் சூரியன். குழந்தை அதைக் கையில் பிடிக்கட்டும், காலால் மிதிக்கட்டும், எண்ணட்டும். "இது சூரியனின் படம்" என்று சொல்லுங்கள். நம்பும், ஏனென்றால் அது உண்மை.

பத்தாம் வகுப்பு முடித்த பையன் இருக்கிறான். எங்கே போனாலும் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். அவனுக்கு என்ன வேலை கொடுப்பது?

அவனுக்கு ஓர் எண்ணைக் கொடுங்கள்: 107. சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய 107 சூரியன்களை வரிசையாக வைக்கலாம். ஆகவே ஒரு துளை வழியாக விழும் சூரிய பிம்பத்தின் குறுக்களவு, துளையிலிருந்து உள்ள தூரத்தில் 107-இல் ஒரு பங்காக இருக்கும். முந்தின பதிலில் சொன்ன வெளிச்சக் காசை அவன் அளக்கட்டும். உச்சிவேளையில் காசின் அகலம் 5 செ.மீ. என்றால் அந்த இலை இடுக்கு ஏறக்குறைய 5.35 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரம் ஏறாமல், கயிறு கட்டாமல் உயரம் கண்டுபிடித்தாயிற்று. வெயில் சாய்ந்திருந்தால் காசு நீள்வட்டமாகும். அப்போது குறுகிய பக்கத்தை அளக்க வேண்டும், கிடைப்பதும் நேர் உயரமாக இருக்காது, சாய்ந்த தூரமாக இருக்கும். ஏன் என்று அவனே யோசிக்கட்டும்.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். அங்குள்ள சுரங்கத் தொலைநோக்கி 1960 வாக்கில் நிறுவப்பட்டது. கோபுரத்தின் மேல் உள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்ப, 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்துக்குள் 38 செ.மீ. குறுக்களவுள்ள வில்லை பிம்பத்தை உருவாக்குகிறது. வில்லையின் குவியத் தூரம், அதாவது வில்லையிலிருந்து பிம்பம் விழும் இடம் வரை, 36 மீட்டர். பிம்பம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவனைக் கேளுங்கள். 36-ஐ 107-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 34 செ.மீ. வரும். உண்மையிலேயே அந்தத் தொலைநோக்கி தரும் பிம்பம் 34 செ.மீ.தான். மரத்தடிக் காசும் மாபெரும் தொலைநோக்கியும் ஒரே கணக்குக்குள் அடங்குவதைக் கண்டுபிடித்த பையன்கள் போனைக் கீழே வைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தங்கும் அறையிலும் செய்யலாம். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை 5 மி.மீ. ஓட்டை போட்ட தாளால் மூடி, வெயிலில் வைத்து, பத்து மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் வெளிச்சத்தை அடியுங்கள். ஒன்பது செ.மீ. சூரியன் கிடைக்கும். வெளிச்சம் யார் கண்ணிலும் படாமல் பெரியவர் ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வண்ணப் பட்டையில் நடுநடுவே கறுப்புக் கோடு தெரிகிறதே, திரை கிழிந்திருக்கிறதா?

நல்ல கண். அந்தக் கோடுகள்தான் சூரியனில் என்னென்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் கையெழுத்து. சூரியனின் மேலடுக்கில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தை மட்டும் விழுங்கிவிடும். அந்த இடம் கறுப்பாகிவிடும். இரும்பு, கால்சியம், சோடியம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. உப்புப் போட்ட குழம்பு பொங்கி வழிந்தால் அடுப்புத் தீ பளிச்சென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியத்தின் நிறம். அதே இடத்தில் சூரியப் பட்டையில் கறுப்புக் கோடு இருக்கும். அம்மாக்களிடம் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்த ஆண்டின் ஆய்வுகளில் சிக்கிய ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறிந்த எந்தப் பொருளோடும் பொருந்தவில்லை. அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அதைப் பிரித்தெடுத்தது 1895-இல்தான். பிறந்தநாளுக்குப் பறக்கவிடும் பலூனில் இருக்கும் வாயு, முதலில் சூரியனில் கண்டுபிடிக்கப்பட்டது.

அன்றைக்கென்று மேகம் மூடிவிட்டால் என்ன செய்வது?

செண்பகனூரில் இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரியில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மலையின் செடிகொடிகள், பூச்சிகள், பறவைகள், விலங்குகளின் சேகரிப்பு அது. மேகமான நாளுக்கு அது பொருத்தம். மறுநாள் காலையில் மீண்டும் வானத்தைப் பாருங்கள்.

மலை ஏறினால் சூரியனுக்கு அருகில்தானே போகிறோம்? அப்படியானால் சூடுதானே கூட வேண்டும்?

ஏழு வயதுக் குழந்தை கேட்ட கேள்வி. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் ஏறியது இரண்டு கிலோமீட்டர் சொச்சம். அந்த நெருக்கத்துக்குக் கணக்கே இல்லை. காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் தரைதான். சூடான காற்று மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும்.

இதை வரும் வழியிலேயே செய்து பார்க்கலாம். வத்தலக்குண்டில் ஒரு பலூனை அரைகுறையாக ஊதிக் கட்டி, நூலால் சுற்றளவை அளந்து முடிச்சுப் போடுங்கள். பெருமாள்மலையில் ஒருமுறை, கொடைக்கானலில் ஒருமுறை அளங்கள். சில செ.மீ. கூடியிருக்கும், ஏனென்றால் இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. காது அடைப்பதும் அதனால்தான். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு வேக நேரமாகும். குக்கர் இல்லாத காலத்தில் என் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இரவில் தொலைநோக்கி வழியே நட்சத்திரம் காட்டுவார்களா?

அறிவிக்கப்பட்ட நாட்களில், வானம் தெளிந்திருந்தால் காட்டுவதுண்டு. விசாரித்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி இல்லாமலே பார்க்க நிறைய இருக்கிறது. மே மாதம் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு விடுதியின் விளக்குகளை விட்டு ஒதுங்கி வடக்கே பாருங்கள்: சப்தரிஷி மண்டலம். கரண்டிபோல் தெரியும் அதன் கைப்பிடியின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. கல்யாணத்தில் பகலில் காட்டுவதை இங்கே நிஜமாகப் பார்க்கலாம். கைப்பிடியின் வளைவைத் தொடர்ந்து போனால் சுவாதி, இன்னும் தொடர்ந்தால் சித்திரை. சித்திரா பௌர்ணமி நிலவு நிற்பது இந்த நட்சத்திரத்தின் பக்கம்தான். அதே நேரத்தில் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு சிலுவைபோல் நிற்கும்.

துருவ நட்சத்திரத்தைப் பார்க்க மலை மறைக்காத இடம் வேண்டும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் ஏறக்குறைய பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில் துருவன் இருக்கும், ஏனென்றால் கொடைக்கானலின் அட்சரேகை பத்து டிகிரியைச் சற்றே தாண்டியது.

சூரியப் புள்ளியை வைத்து மழையைச் சொல்லலாம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். உண்மையா?

அந்த நம்பிக்கைதான் இந்த ஆய்வகம் பிறக்கவே காரணம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும்பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நம் ஊர்களில் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்குமா என்று அறிய, சூரியனை இடைவிடாமல் ஆராய வேண்டும் என்ற யோசனை அப்போதுதான் வலுத்தது. வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்த பிறகு கொடைக்கானல் தேர்வானது. அவரே முதல் இயக்குநரும் ஆனார்.

இவ்வளவு காலம் பார்த்த பிறகும், புள்ளியை எண்ணி அடுத்த பருவமழையைச் சொல்லும்படியான உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. பசிபிக் கடலின் வெப்பநிலை நம் மழையை அதைவிடத் தெளிவாகப் பாதிக்கிறது. முதலில் கேட்ட 'மழை ஆபீஸ்' கேள்வி முழுத் தவறில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

நாங்கள் இந்த முறை ஊட்டி போகிறோம். அங்கே இதுபோல் ஏதாவது உண்டா?

ஊட்டிக்கு அருகே முத்தோரையில், வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கும் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைந்து 1970-இல் செயல்படத் தொடங்கியது. அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி சொச்சம். அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் அமைத்ததால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. ஒரே அச்சில் திருப்பினாலே வானப் பொருளைப் பின்தொடரலாம். நினைத்தவுடன் நுழையும் அருங்காட்சியகம் அல்ல அது. அனுமதி பெற்றே போக வேண்டும். மலை ரயிலில் போகிறவர்கள் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சக்கரப் பட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள்.

சூரியனை ஆராய ஆதித்யா விண்கலமே போய்விட்டதே. இனி இந்தப் பழைய ஆய்வகம் எதற்கு?

ஆதித்யா எல்-1 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது. அதன் முதன்மைக் கருவியை உருவாக்கியது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே நிறுவனம். விண்கலத்துக்கு மேகத் தொல்லை இல்லை. இங்கிருந்து பார்க்க முடியாததை அது பார்க்கும். ஆனால் 1910-இல் சூரியன் எப்படி இருந்தது என்று எந்த விண்கலமும் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. அது இங்குள்ள புகைப்படக் கண்ணாடித் தட்டுகளில் இருக்கிறது. 11 ஆண்டுச் சுழற்சி ஒவ்வொன்றும் எப்படி வேறுபடுகிறது என்று அறிய அந்தப் பழைய படங்கள் வேண்டும்.

மூன்று நாள் தங்குகிறோம். ஒருமுறை போனால் போதுமா?

முடிந்தால் முதல் நாளும் மூன்றாம் நாளும் போங்கள். முதல் நாள் தாளில் வட்டம் போட்டுப் புள்ளி எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். நாம் பார்க்கும்போது சூரியன் ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 27 நாட்கள். மூன்றாம் நாளுக்குள் புள்ளி நன்றாக நகர்ந்திருக்கும். சூரியன் சுழல்வதைத் தன் பென்சிலால் கண்டுபிடித்த குழந்தைக்கு அந்தத் தாள் பொக்கிஷம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு என்ன செய்வது? அதோடு முடிந்ததா?

வீட்டில் 20 செ.மீ. தட்டு ஒன்றைச் சூரியன் என்று வைத்துக்கொண்டால் பூமி ஒரு கடுகு. அந்தக் கடுகைத் தட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதை 107 தெரிந்த பையன் சொல்லிவிடுவான்.

நேராக நட்ட குச்சியின் நிழலையும் பாருங்கள். மே நடுவில் கொடைக்கானலில் பகல் 12.15-ஐ ஒட்டி ஒரு மீட்டர் குச்சியின் நிழல் ஒரு சாண் கூட இருக்காது, அதுவும் தெற்கே விழும். அப்போது சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஆண்டில் இரண்டு நாட்கள் உச்சிவேளையில் நிழல் அடியோடு மறையும். ஏப்ரல் 10-ஐ ஒட்டிக் கன்னியாகுமரியில் தொடங்கி, 16, 17-இல் கொடைக்கானலுக்கு வந்து, 24-ஐ ஒட்டிச் சென்னையை எட்டும். ஆகஸ்டில் வரிசை தலைகீழ்: 18-ஐ ஒட்டிச் சென்னை, 26-ஐ ஒட்டிக் கொடைக்கானல், செப்டம்பர் முதல் நாட்களில் கன்னியாகுமரி. பள்ளி திறந்த பிறகு வரும் நாட்கள் அவை. சென்னையில் இருக்கும் பேத்தி தன் நிழல் காணாமல்போனது என்று என்னைக் கூப்பிடுவாள். எட்டு நாள் கழித்து, வானம் விட்டால், நான் அவளைக் கூப்பிடுவேன்.